மிதவூர் நூலகத்தின் எடை

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மிதவூரில் நூலகத்தை எடை போடுவார்கள். ஒவ்வொரு அலமாரித் தட்டின் அடியிலும் ஓர் எடைக்கண் பதித்திருந்தது. தொண்டர்கள் ஏணி வைத்து ஏறி, தட்டுத் தட்டாக அது காட்டும் எண்ணைப் படிப்பார்கள். கீழே நிற்பவர் போன வாரத்து எண்ணோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். முந்நூறு கிராம் குறைந்தால்கூட, "நாலாம் தட்டு, வலது மூலை" என்று குரல் வரும். உடனே ஒருவர் ஓடிப்போய், குறைந்த இடத்தைக் கண்டுபிடித்து நிரப்பிவிட்டு வருவார். புத்தகங்களை எண்ணும் வழக்கம் அங்கே இல்லை.

இதில் வேடிக்கை எதுவும் இருப்பதாக மிதவூர்க்காரர்கள் நினைக்கவில்லை. ஊரே ஒரு வளையம். பூமிக்கும் நிலவுக்கும் நடுவில், ஒரு முகத்தை எப்போதும் சூரியனுக்குக் காட்டியபடி, தட்டாமாலை சுற்றிக்கொண்டிருந்தது. சுற்றுகிற பொருளில் ஒரு பக்கம் எடை கூடினால் வளையம் உதறும். அதனால் அரிசி மூட்டை, கட்டில், கல்யாணக் கூட்டம் எல்லாவற்றுக்கும் எடைச்சமன் பார்ப்பது அங்கே பல் துலக்குவது மாதிரி. நூலகத்துக்கும் அதே காரணம்தான் என்று பதினோரு வருடமாக வடிவு நம்பிக்கொண்டிருந்தாள்.

வடிவுக்கு ஐம்பத்திரண்டு வயது. தண்ணீர்ச் சுத்திகரிப்பில் குழாய் இணைப்புகளைச் சோதிப்பது அவளுடைய வேலை. வளையத்தைக் கட்ட முதல் கப்பலில் ஏறியவர்களில் பாதிப் பேர் திருநெல்வேலிப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர்கள். அவளும் அப்படி வந்தவள்தான். தனி ஆள். வேலை முடிந்ததும் நேராக நூலகத்துக்குப் போவாள், அங்கிருந்துதான் வீட்டுக்குப் போவாள்.

நூலகம் ஓர் அறையாக இல்லாமல் நீண்டு வளைந்த ஒரு நடையாக இருந்தது. ஒரு பக்கம் சூரியனைப் பார்த்த வெளிச்சுவர், அதை ஒட்டி மேசைகளும் பெஞ்சுகளும். எதிர்ப்பக்கம் தரையிலிருந்து கூரை வரை ஒரே அலமாரி. அந்த அலமாரிக்குப் பின்னால் நிர்வாகத்தாரின் ஒன்பது வீடுகள். அலமாரி நிறையக் காகிதப் புத்தகங்கள். படிப்பதற்குத் திரைகள் வீட்டுக்கு வீடு இருந்தன. ஆனாலும் விண்வெளியில் பிறந்த பிள்ளைகள் காகிதத்தைத் தொட்டு வளர வேண்டும் என்பது தொண்டர் வட்டத்தின் கொள்கை. அதை எழுதியவள் வடிவு.

வட்டத்தில் பதினான்கு பேர். ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. கிழிந்த அட்டையை அரிசிக் கஞ்சியால் ஒட்டுவார்கள். முதுகில் பெயர் அழிந்த புத்தகத்துக்கு மையால் பெயர் எழுதுவார்கள். வருடத்துக்கு ஒரு நாள் அட்டை போடும் விழா; ஊரே கூடும். பிள்ளைகளுக்கு 'நூலகமும் நானும்' என்று கட்டுரைப் போட்டி உண்டு. சனிக்கிழமை பத்து மணிக்குக் கதை நேரம். கதையைப் படிப்பது கதைசொல்லிப் பொறி. பிள்ளைகளின் கை சுத்தமாக இருக்கிறதா என்று பார்ப்பது, பிஸ்கட் கொடுப்பது, சண்டை விலக்குவது எல்லாம் வடிவு. ஒரு புத்தகத்தை யாராவது வீட்டுக்கு எடுத்துப் போனால், அதே கனத்தில் ஓர் இடக்கட்டையை அந்த இடத்தில் செருகிவிட வேண்டும். உள்ளே கூழ் நிரப்பிய பிளாஸ்டிக் கட்டை. அதைச் செருகாமல் புத்தகத்தைத் தொட அவள் விட்டதே இல்லை.

அவளோடு சேர்ந்து வட்டத்தைத் தொடங்கியவர் ஜெபராஜ். வளையத்தின் கட்டுமானப் பொறியாளர், அவளைவிட ஒன்பது வயது மூத்தவர். அவருடைய வீடும் அந்த ஒன்பதில் ஒன்று. நூலகம் வேண்டும் என்ற யோசனையே அவருடையதுதான். "நீ மனசு வச்சா நடக்கும் வடிவு. நான் எழுதுனா வெறும் மனு. நீ எழுதுனா அது கடுதாசி" என்று அவர் சொன்ன நாளிலிருந்து அவள் பூமிக்குக் கடிதம் எழுதினாள். பள்ளிகளுக்கு, கல்லூரிகளுக்கு, பெயர் தெரியாத ஊர்களின் வாசகர் மன்றங்களுக்கு. எங்கள் பிள்ளைகள் காகித வாசனை அறியாதவர்கள் என்று எழுதுவாள். ஒவ்வொரு கப்பலிலும் பெட்டி பெட்டியாகப் புத்தகம் வந்தது. படிப்புக்கென்று அனுப்பும் பொருளுக்குக் கப்பலில் இடம் இலவசம் என்று நாடுகளுக்குள் ஓர் ஒப்பந்தம் இருந்தது.

ஊர்ப் பொறுப்பாளர் மாசிலாமணியும் நல்ல மனிதர். வடிவு எது கேட்டாலும் செய்தார். நாற்காலி கேட்டபோது மட்டும் இழுத்தடித்தார். புத்தகம் இன்னும் வேண்டும் என்றால் கையெழுத்து அப்போதே கிடைக்கும். ஒரு விழாவில், "இந்த ஊரின் முதுகெலும்பு இந்த அலமாரி" என்று சொல்லிக் கண் கலங்கினார். வடிவும் கலங்கினாள்.

பன்னிரண்டாம் வருடத் தொடக்கத்தில் வந்த கப்பலில் புத்தகப் பெட்டி இல்லை. தடித்த பாய்ச் சுருள்கள் வந்து இறங்கின. நான்கு நாள் கழித்து வடிவின் மேசைத் திரையில் ஒரு சுற்றறிக்கை தோன்றியது. நூலக நடை பத்து நாளில் காலி செய்யப்படும். அலமாரி கழற்றப்படும். காகிதப் பொருட்கள் காளான் பண்ணைக்கு எருவாக வழங்கப்படும். தொண்டர்களின் நீண்ட சேவைக்கு நிர்வாகத்தின் நன்றி.

அவள் அதை மூன்று முறை படித்தாள். எங்கோ தவறு நடந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பொறுப்பாளரின் அறைக்குப் போனாள்.

மாசிலாமணி எழுந்து நின்று வரவேற்றார். தேநீர் வரவழைத்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. புது மறைப்புப் பாய் வந்திருச்சு. இனிமே புத்தகம் தேவைப்படாது. அதோட வேலை முடிஞ்சுது."

"என்ன வேல சார்?"

அவர் தேநீர்க் கோப்பையை வாயருகே கொண்டுபோனவர், அப்படியே நிறுத்தினார்.

"ஜெபராஜ் சார் உங்ககிட்ட சொல்லியிருப்பார்னு நினைச்சேன்" என்றார். "இத்தனை வருஷம் கூடவே இருந்தீங்களே."

வடிவு தேநீரைத் தொடவில்லை. வெளியே வந்தாள். நடையில் நடக்கும்போது அவள் கால்கள் வழக்கமான பாதையில் நூலகத்துக்கே போயின. ஜெபராஜ் அங்கேதான் இருந்தார், மூன்றாவது மேசையில், மூக்குக் கண்ணாடியோடு, ஒரு புத்தகத்தைப் படித்துக்கொண்டு. எடை போடுகிற நாளில்கூட அவர் இப்படி உட்கார்ந்துவிடுவார்; வேலையைப் பாருங்க அண்ணாச்சி என்று அவள் விரட்ட வேண்டியிருக்கும்.

அவளுடைய முகத்தைப் பார்த்ததும் அவர் புத்தகத்தை மூடினார்.

"போயி கேட்டுட்டியா?"

"நீங்க சொல்லுங்க அண்ணாச்சி. இந்தப் புஸ்தகத்துக்கு என்ன வேல?"

அவர் எழுந்து போய் அலமாரியில் கை வைத்தார்.

"காகிதத்துல ஐட்ரசன் ஜாஸ்தி. சூரியன்ல இருந்து வார கதிர அது பிடிச்சு நிறுத்தும். ரெண்டு வரிசையா நெருக்கி அடுக்குனா நல்லாவே நிறுத்தும்."

"கதிர நிறுத்தவா?"

"வளையம் கட்டும்போது மறைப்புச் சாமான் பத்தல வடிவு. எல்லா வீட்டுச் செவுரும் சட்டத்துல சொன்ன ஆகக் கொறஞ்ச அளவுதான். அதுக்கு ஒரு இம்மி கூட இல்ல. இன்னும் சாமான் அனுப்புங்கன்னு கேட்டோம், கப்பல்ல இடம் இல்லன்னுட்டாவ. புஸ்தகத்துக்கு மட்டும் இடம் இருந்துச்சு."

"எல்லா வீட்டுச் செவுருந்தான் மெல்லிசுன்னு சொல்லுதீய. புஸ்தகம் இந்த ஒம்போது வீட்டுக்கு முன்னால மட்டும் இருக்கே."

அவர் அலமாரியிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். மிதவூரில் எல்லோரும் சட்டையில் ஒரு கதிர்மானி குத்தியிருப்பார்கள். உடம்பு வாங்கிய கதிரை அது கூட்டிக்கொண்டே போகும். எல்லை தாண்டியவரைப் பூமிக்கு அனுப்பிவிடுவார்கள். போன வருடப் பரிசோதனையில் மருத்துவர் வடிவின் கதிர்மானியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, உங்க வேலைக்கு இவ்வளவு ஏற வேண்டியதில்லையே என்று கேட்டிருந்தார். அவளுக்கு அப்போது பதில் தெரியவில்லை. இப்போது தெரிந்தது. கதிர்மழை எச்சரிக்கை மணி அடித்தால் எல்லோரும் இரண்டு மணி நேரத்துக்குள் வீட்டுக்குள் போய்விட வேண்டும். அந்த இரண்டு மணி நேரத்தில் ஜெபராஜிடமிருந்து அழைப்பு வரும். அலமாரியை ஒருதரம் பார்த்துவிட்டுப் போ வடிவு, எங்கேயாவது இடைவெளி இருந்தால் நெருக்கிவிடு, வளையம் உதறப்போகிறது. அவள் போவாள். சூரியன் பக்கத்துச் சுவருக்கும் அலமாரிக்கும் நடுவில் நின்று, ஒவ்வொரு தட்டாக நெருக்கிவிட்டு, கடைசி ஆளாக, சில நாள் மழை தொடங்கிய பிறகுதான், வீட்டுக்குப் போவாள்.

"மணி அடிச்ச பெறவும் என்னய இங்கன வரச் சொன்னீயளே" என்றாள். குரல் உயரவில்லை. "நான் நின்ன பக்கம் எந்தப் பக்கம்னு உங்களுக்குத் தெரியும்லா."

"மழ தொடங்குததுக்கு முன்னால நீ போயிருவன்னு..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். "எம் மவளுக்கு அப்ப ரெண்டு வயசு. அவ கட்டிலு இந்தச் செவுத்துக்குப் பக்கத்துல. வேற ஒண்ணும் எனக்குத் தோணல. எங்கிட்ட வேற சாக்கு இல்ல."

"என் பேரப் போட்டு அத்தன கடுதாசி. புஸ்தகம் அனுப்புன பள்ளிக்கூடத்துப் பிள்ளைய கூட பதில் எழுதுச்சே, எங்க புத்தகத்தப் பத்திரமா வச்சுக்கோங்கன்னு. எல்லாம் செங்கல்லா அண்ணாச்சி உங்களுக்கு? ஒண்ணயாவது படிச்சிருப்பீயளா?"

"ஒரு நானூறு படிச்சிருப்பேன்" என்றார் ஜெபராஜ். "மொத ரெண்டு வருசம் செவுத்துக்காக வந்தேன். பெறவு சும்மாதான் வந்தேன்."

அவள் நம்பவில்லை. பதினோரு வருடம் பொய் சொன்னவர் இதையும் சொல்வார். அவருக்கு முதுகைக் காட்டி நடந்தாள். நடையின் கடைசியில் அழுகை வந்தது. பொறுப்பாளரை நினைத்து வரவில்லை. சனிக்கிழமை தோறும் தன் டப்பாவிலிருந்து ஜெபராஜுக்கு எடுத்து வைத்த முறுக்கை நினைத்துத்தான் வந்தது.

மறுநாள் மாலை சாப்பாட்டுக் கூடத்தில் தொண்டர் வட்டம் கூட்டம் போட்டது. வட்டத்தின் கூட்டங்களுக்கு வழக்கமாகத் தொண்டர்களையும் சேர்த்து முப்பது பேர் வருவார்கள். செய்தி எப்படியோ கசிந்து, அன்றைக்கு நிற்கவும் இடமில்லை. வடிவு ஒரு பெஞ்சின் மேல் ஏறி நின்று, தெரிந்ததெல்லாம் சொன்னாள். காகிதம் கதிரை நிறுத்தும் என்பதை, ஒன்பது வீட்டை, இலவசக் கப்பலை, எடைக்கண்ணின் உண்மையான வேலையை, இடக்கட்டைக்குள் கதிரை நிறுத்தவே ஊற்றியிருந்த கூழை. ஒன்றையும் மறைக்கவில்லை.

"நாம நூலகம்னு நெனச்சு வளத்தோம். அவங்களுக்கு அது வெறும் செவுரு. பதினோரு வருசம் அந்த ஒம்போது குடும்பமும் நம்ம புஸ்தகத்துக்குப் பின்னால படுத்துத் தூங்கியிருக்கு" என்றாள்.

கூட்டம் மூச்சுவிடாமல் கேட்டது. பின்வரிசையில் இருந்து ஒருவர், கதிரை நிறுத்தும் புதுப் பாய் மற்ற வீடுகளுக்கு எப்போது வரும் என்று கேட்டார். மூலையில் நின்ற நிர்வாக அலுவலர், வரிசைப்படி வரும், ஆறு வருடம் ஆகலாம் என்றார். யாரும் கத்தவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வடிவுக்கு அந்த மௌனம் தைரியம் கொடுத்தது.

"இந்தப் புஸ்தகம் காளானுக்கு எருவாப் போகக்கூடாது. இது பூமியில இருந்து உங்க பிள்ளைகளுக்குன்னு வந்தது. நாளைக்குக் காலையில நூலகத்தத் திறந்து வைக்கேன். எல்லாரும் வாங்க. முடிஞ்ச மட்டும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. உங்க வீட்ல இருக்கட்டும். திருப்பிக் குடுக்க வேண்டாம்."

நாலு பேர் வந்தாலே பெரிய விஷயம் என்று நினைத்தபடிதான் அவள் காலையில் போனாள். நூலக வாசலில் தொடங்கிய வரிசை வளையத்தின் கால்வாசி தூரம் நீண்டிருந்தது. கைக்குழந்தையோடு பெண்கள், வேலை உடுப்போடு ஆண்கள், நூலகப் பக்கம் ஒருநாளும் எட்டிப் பார்க்காத வெல்டிங் பட்டறைக்காரர்கள். சாமான் தள்ளும் வண்டிகளைக் கொண்டுவந்திருந்தார்கள். தலையணை உறைகளைக் கொண்டுவந்திருந்தார்கள். வடிவு வாசலில் நின்று, வாங்க வாங்க என்று ஒவ்வொருவரையும் உள்ளே அழைத்தாள். நிர்வாகம் எப்படியும் போகட்டும், ஊர் கைவிடவில்லை.

தடித்த புத்தகங்கள்தான் முதலில் போயின. அகராதிகள், சட்டத் தொகுப்புகள், கலைக்களஞ்சியங்கள். இரண்டு பாகங்களாக இருந்த ஒரு மருத்துவ நூலுக்கு இரண்டு பேர் இழுபறி செய்ய, வடிவு சிரித்துக்கொண்டே நடுவில் புகுந்து, ஆளுக்கொரு பாகமாகப் பிரித்துக் கொடுத்தாள். புத்தகத்தை உள்ளங்கையில் வைத்து மெல்லத் தூக்கித் தூக்கிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். ஊருக்குக் காகிதம் தொட்ட பழக்கம் இல்லை, ஆசையாகத் தடவிப் பார்க்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. கவிதைப் புத்தகங்கள் மெலிந்தவை. அவை மத்தியானம் வரை கிடந்தன. பிறகு பார்த்தபோது, யாரோ அவற்றைப் பத்துப் பத்தாகக் கயிறு போட்டுக் கட்டித் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள்.

ஜெபராஜ் வந்தார். வரிசையில் நிற்காமல், காலியாகிக்கொண்டிருந்த அலமாரியின் ஓரத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். அவர் கையில் ஒரே ஒரு புத்தகம் இருந்தது, முந்தாநாள் மேசையில் மூடி வைத்தது.

"இத மட்டும் எடுத்துக்கிடுதேன். பாதியில நிக்கு" என்றார்.

வடிவு தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"எதப் பாத்து எடுக்காவன்னு கவனிச்சியா வடிவு?"

"நீங்க எதப் பாத்து வாங்க வச்சீயன்னு எனக்குத் தெரியும் அண்ணாச்சி. இவங்களப் பத்தி நீங்க பேச வேண்டாம்."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். சாயங்காலம் ஆறு மணிக்கு அலமாரியில் ஒரு காகிதத் துண்டும் இல்லை. காலி செய்யும் வேலை மிச்சமானதற்கு மாசிலாமணியிடமிருந்து இன்னொரு நன்றிச் சுற்றறிக்கை வந்தது. அதை வடிவு திறக்கவே இல்லை.

இரண்டு வாரம் போயிற்று. நூலக நடையில் பாய் ஒட்டும் வேலை நடந்தது. கதைசொல்லிப் பொறியைச் சாப்பாட்டுக் கூடத்தில் அறிவிப்பு வாசிக்க எடுத்துக்கொண்டார்கள். வடிவுக்குச் சனிக்கிழமை வந்தால் கை பரபரத்தது. நூலகம் போனால் என்ன, இப்போது வீட்டுக்கு வீடு நூலகம். வாரத்துக்கு ஒரு வீட்டில் பிள்ளைகளைக் கூட்டிப் படிக்கலாம் என்று முடிவு செய்தாள். முதலில் கோமுவின் வீடு. காய்கறிப் பண்ணையில் வேலை செய்யும் கோமு, தன் ஆறு வயது மகள் துளிரை ஒரு வாரம் தவறாமல் கதை நேரத்துக்குக் கொண்டுவந்து விட்டவள்.

"வாங்கக்கா, உள்ள வாங்க" என்று கோமு கதவைத் திறந்தாள்.

ஒரே அறை வீடு. சூரியன் பக்கத்துச் சுவரை ஒட்டித் துளிரின் கட்டில். கட்டிலுக்குப் பின்னால் தரையிலிருந்து கூரை வரை புத்தகங்கள், இரண்டு வரிசை. இடம் விடாமல் நெருக்க வேண்டி, முதுகுகள் உள்ளே போய், பக்கங்களின் வெட்டு விளிம்புகள் மட்டும் வெளியே தெரிந்தன. ஒன்றின் பெயரும் தெரியவில்லை. ஆனாலும் வடிவுக்கு மனம் நிறைந்துபோனது.

"வீடு நெறையப் புஸ்தகம் கோமு" என்றபடி தரையில் உட்கார்ந்தாள். "துளிரு, அதுல உனக்குப் பிடிச்சது ஒண்ண எடுத்துட்டு வா. பெரியம்மா படிச்சுக் காட்டுதேன்."

துளிர் நகரவில்லை. அம்மாவைப் பார்த்தாள்.

"அது செவுரு பெரியம்மா" என்றாள்.

"நாந்தாங்க்கா தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்கேன்" என்றாள் கோமு. "ஒண்ண உருவுனா இடம் விட்டுப்போவும்லா."

வடிவு சுவரைப் பார்த்தாள். கயிறு போட்டுக் கட்டிய கவிதைப் புத்தகங்கள், கட்டு அவிழ்க்கப்படாமலே, கூரைக்கும் கடைசி வரிசைக்கும் நடுவிலிருந்த சந்தில் அடைத்து வைக்கப்பட்டிருந்தன.

"அன்னைக்கு வரிசையில நின்னது இதுக்குத்தானா கோமு?"

"வேற எதுக்குக்கா? நீங்கதான கூட்டத்துல சொன்னீய. நீங்க சொல்லலன்னா எங்களுக்கு எப்பிடித் தெரியும். ஊரே உங்களத்தான் வாழ்த்துது." கோமு மகளின் சட்டையில் இருந்த கதிர்மானியைத் திருப்பிக் காட்டினாள். "பாருங்க. போன மாசம் ஒரு வாரத்துக்கு ஏறுனதுல இப்பப் பாதிகூட ஏறல. பாய் வர ஆறு வருசம் ஆவும்ங்காவ. அதுக்குள்ள இவ வளந்துருவா."

எண் உண்மைதான். வடிவால் அதை மறுக்க முடியவில்லை. மறுக்க முடியாததே அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

"அந்த ஒம்போது வீட்டுக்காரங்க செஞ்சதத்தான நீயும் செஞ்சிருக்க. நான் உன்ன நம்பிக் குடுத்தேன் கோமு. ரெண்டு வாரத்துல ஒண்ணயாவது திறந்து பாத்தியா?"

கோமு கோபப்படவில்லை. அவள் முகத்தில் கொஞ்சம் வெட்கம் தெரிந்தது.

"இல்லக்கா. எங்க நேரம். அதுவும் போக எத எடுக்கன்னு எனக்குத் தெரியல பாத்துக்கிடுங்க." அவள் கட்டிலை இழுத்து நகர்த்தி, சுவருக்கு வழி விட்டாள். "உங்களுக்குத் தெரியாத புஸ்தகமா. நீங்க படிச்சதுல நல்லதா ஒண்ணச் சொல்லுங்க. அத மட்டும் உருவித் தாரேன். இவளுக்கு நீங்களே அந்தக் கதையச் சொல்லுங்க."

வடிவு எழுந்து சுவரருகே போனாள். முதுகு தெரியாவிட்டாலும் அவளுக்கு எல்லாப் புத்தகமும் அடையாளம் தெரிந்தது. இடது கோடியில் பச்சை விளிம்பு போட்டது, ஒரு கிலோ நூற்று நாற்பது. மதுரையிலிருந்து ஓர் ஆசிரியை அனுப்பியது. இரண்டாம் தட்டில் இருந்தது. அதற்கு மேலே இருப்பது ஈரத்தோடு வந்து இறங்கியது. பக்கம் பக்கமாகப் பிரித்து அவள் உலர்த்தினாள், நான்கு நாள். அதற்குப் பக்கத்தில் இருப்பதற்கு மூன்று முறை அட்டை போட்டிருக்கிறாள்.

உள்ளே என்ன கதை என்று யோசித்தாள். பச்சை விளிம்பில் ஒரு பெண் வருவாள் என்று நினைவு. முதல் பக்கமோ இரண்டாம் பக்கமோ. அதற்குள் யாரோ கூப்பிட்டிருப்பார்கள், ஏணியைப் பிடிக்க, பெட்டியை இறக்க. ஈரத்தில் வந்த புத்தகத்தில் ஏதோ ஓர் ஊர் இருந்தது. மற்றதை அவள் திறந்ததில்லை. அடுத்ததைப் பார்த்தாள். அடுத்ததை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, சாவகாசமாக, முதல் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக ஆரம்பிக்க வேண்டும் என்று வருடா வருடம் எண்ணிக்கொண்டது நினைவுக்கு வந்தது.

"இந்தப் பச்சப் புஸ்தகம் ரொம்ப நல்ல புஸ்தகம்" என்றாள். "அட்ட கிழிஞ்சு வந்துச்சு. நாந்தான் ஒட்டுனேன்."

துளிர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வாயைத் திறந்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெறவு?" என்று கேட்டாள்.

ஜெபராஜ் சொன்ன நானூறு என்ற எண் எங்கிருந்தோ வந்து வடிவின் காதில் நின்றது. அவரைத் திட்டிய வார்த்தைகள் எல்லாம் திரும்ப வந்தன.

குழந்தையின் கண்ணைப் பார்க்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பினாள். நடுவரிசையில் இரண்டு புத்தகங்கள் சாய்ந்து, விரல் நுழையும் அளவுக்குச் சந்து விழுந்திருந்தது. அவள் கை தானாகப் போய் அவற்றை நிமிர்த்தியது. மேலே இருந்த மெலிந்த ஒன்றை உருவிச் சந்தில் செருகி, உள்ளங்கையால் வரிசை முழுவதையும் ஒரே தள்ளாகத் தள்ளி நெருக்கினாள். கவிதைக் கட்டைப் பிரித்து, அளவுக்கு அளவு சேர்த்து, கூரைச் சந்தையும் மூடினாள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. சுவர் ஒரே பலகையாக நின்றது.

"எங்க வீட்டுக்காரரு ரெண்டு நாளு மல்லுக்கட்டியும் இப்பிடி வரலக்கா" என்றாள் கோமு. அவள் குரலில் உண்மையான மரியாதை இருந்தது.

திறந்திருந்த கதவருகே பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி வந்து நின்று, சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் குழந்தை.

"யக்கா, எங்க வீட்டுக்கும் ஒரு எட்டு வாரீயளா?" என்றாள் தயங்கியபடி. "அடுக்க அடுக்க சரிஞ்சு விழுது. உங்களுக்குத்தான் புஸ்தகம் தெரியும்ங்காவ."

வடிவு கையில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டாள்.

"எந்தப் பக்கத்துச் செவுரு?" என்று கேட்டுக்கொண்டே அந்தப் பெண்ணின் பின்னால் போனாள்.